ரொமான்டிக் ஓவியத்தை வாசிப்பது எப்படி: ‘கடலோரத் துறவி’யை வைத்து ஒரு செய்முறை

ஓர் ஓவியத்தைப் பற்றி முதன்முறையாக எழுத உட்காருபவர்களுக்கு இது. கல்லூரியில் அசைன்மென்ட் கொடுத்திருக்கலாம். ஏதாவது ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கலாம். ஒரு படம் உங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த, 1800-ஐ ஒட்டிய ரொமான்டிக் காலத்து ஓவியங்களில், அதிலும் கனவும் தரிசனமும் கலந்தவற்றில், ஒரு சிக்கல் உண்டு. பார்த்தால் மனதை ஏதோ செய்யும். எழுதத் தொடங்கினால் ‘தனிமை’, ‘மரணம்’, ‘இறைவன்’ என்று மூன்று சொல்லோடு பேனா நின்றுவிடும். இணையத்தில் தேடினால் ஒருவர் மதம் என்பார், ஒருவர் நெப்போலியன் என்பார், இன்னொருவர் ஓவியரின் சிறுவயதுத் துக்கம் என்பார். யார் எதை ஆதாரமாக வைத்துச் சொல்கிறார்கள் என்று பிரித்தெடுப்பதற்குள் நான் மிகவும் திணறிப்போனேன். உங்களுக்கு அந்தத் திணறல் வேண்டாம் என்பதற்காக, எனக்குக் கைகொடுத்த வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே படம்: ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1808-க்கும் 1810-க்கும் இடையில் வரைந்த ‘கடலோரத் துறவி’. கித்தானில் எண்ணெய் வண்ணம். பெர்லினில் ஆல்டே நேஷனல்கேலரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிறிய மணல், கருத்த கடல், மேலே பெரிய வானம், கரையில் நமக்கு முதுகு காட்டி நிற்கும் சின்னஞ்சிறு மனிதன். படத்தில் உள்ளது ஏறக்குறைய அவ்வளவுதான். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. பொருள்கள் குறைவாக இருப்பதால், நாம் எங்கே பார்க்கிறோம், எங்கே நாமாகச் சேர்க்கிறோம் என்பது உடனே தெரிந்துவிடும்.

1. நல்ல பிரதியைப் பிடியுங்கள்

செலவு: பூஜ்யம். ஓவியர் 1840-லேயே இறந்துவிட்டதால் காப்புரிமைத் தொல்லை கிடையாது. விக்கிமீடியா காமன்ஸிலும் பெர்லின் அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பிலும் பெரிய அளவில் படம் கிடைக்கும். பெரிதாக்கினால் தூரிகைத் தடம் தெரிகிற அளவுக்கு இருக்க வேண்டும். அந்த மனிதனின் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டங்கட்டமாக உடைந்தால் வேறு பிரதி தேடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் இதில்தான் விழுகிறார்கள். இந்த ஓவியத்தை 2013 முதல் 2016 வரை சுத்தம் செய்து சீரமைத்தார்கள். அதற்கு முன் எடுத்த புகைப்படங்களில் பழைய வார்னிஷ் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு ‘மங்கிய, நோயுற்ற வானம் மனச்சோர்வைக் காட்டுகிறது’ என்று எழுதினால், நீங்கள் விளக்குவது ஓவியரின் மனத்தை அல்ல, வார்னிஷின் வயதை. சீரமைத்த பிறகு எடுத்த படம்தானா என்று தேதியைப் பாருங்கள். தேதி போடாத பிரதியை வைத்து நிறத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

முடிந்தால் ஏ3 தாளில் ஒரு கலர் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சில பத்து ரூபாய்தான் ஆகும். கோடு போட்டுப் பார்க்க அது வேண்டும்.

2. எதையும் படிக்காமல் இருபது நிமிடம் பாருங்கள்

போனை அணைத்துவிட்டு, கையில் பேனாவுடன் உட்காருங்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். ‘சோகமான கடல்’ என்று எழுதக் கூடாது. ‘கடல் மெல்லிய கரும்பட்டை, அதில் வெள்ளைப் புள்ளிகள்’ என்று எழுதலாம். அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சில அலை நுரை, சில கடற்காகம். இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரியான சிறு வெள்ளைத் தீற்றல்களாக வரைந்திருப்பதால், சிலவற்றில் எது எது என்று கண் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தையும் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

மனிதனிடம் வாருங்கள். நீண்ட கரிய அங்கி, மூடாத தலை. கை முகத்தை நோக்கி உயர்ந்திருக்கிறது. முகம் தெரியவில்லை. சரியாக நடுவில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளி நிற்கிறான். அவன் நிற்கும் இடத்தை ஒட்டி மணல்கரை ஒரு மழுங்கிய முனையாக மேலேறுகிறது.

முதல் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். எழுந்துவிடாதீர்கள். எனக்கு உருப்படியாகக் கிடைத்தவை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

3. அளவை உடம்பால் உணருங்கள்

ஓவியத்தின் அளவு 110 செ.மீ. உயரம், 171.5 செ.மீ. அகலம். இதை வெறும் எண்ணாக எழுதிவிட்டு நகராதீர்கள். சுவரில் சாக்பீஸால் அந்த அளவுக்கு ஒரு செவ்வகம் வரையுங்கள். படத்தின் அகலம் ஓர் ஆளின் உயரத்துக்கு இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் பார்வையை நிரப்பிவிடும். போன் திரையில் அந்த மனிதன் மட்டுமே சிறியவன். சுவரின் முன்னால் நிற்கும்போது நீங்களும் அவனும் ஒரே நிலையில் இருக்கிறீர்கள் என்பது புரியும்: இருவருமே ஒரு பெரிய வெளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

அடுத்து பிரிண்டில் மூன்று சோதனைகள்.

முதலாவது: அடிவானத்தை அளந்து பாருங்கள். அது மிகவும் தாழ இருக்கிறது. வானம் மட்டும் முக்கால் பங்குக்கு மேல்.

இரண்டாவது: மனிதனைக் கட்டை விரலால் மறையுங்கள். படத்தில் நெட்டாக நிற்பது வேறு எதுவும் இல்லை. மணல், கடல், வானம் எல்லாம் கிடைமட்டம். விரலை எடுத்ததும் கண் நேராக அவனிடம் ஓடும், அவனைத் தாண்டிப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மூன்றாவது: இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பாருங்கள். அந்தக் கால நிலக்காட்சி ஓவியங்களில் ஓரத்தில் ஒரு மரமோ பாறையோ வைத்துப் பார்வையை உள்ளே அழைத்துப் போவார்கள். இங்கே அது இல்லை. கரையும் கடலும் சட்டகத்தைத் தாண்டியும் இருபுறமும் ஓடிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கின்றன.

உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த மூன்றிலேயே இருக்கிறது. இன்னும் ஒரு குறியீட்டைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் இந்தப் படம் ஏன் நெஞ்சை அழுத்துகிறது என்று காரணத்தோடு சொல்ல உங்களால் முடியும்: கண்ணுக்கு ஒதுங்க இடம் தரவில்லை.

4. ஆவணங்களைச் சேகரியுங்கள்

இந்தக் கட்டத்துக்கு இரண்டு மூன்று மாலைகளை ஒதுக்குங்கள். இந்தப் படத்துக்கு வேண்டியவை:

- அருங்காட்சியகப் பதிவு. தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு, எப்படி அங்கே வந்தது என்ற விவரம்.
- ஓவியரின் சொந்த வார்த்தை. இந்தப் படத்தைப் பற்றி ஃப்ரீட்ரிக் எழுதிய கடிதப் பகுதி ஒன்று கிடைத்திருக்கிறது.
- படத்தை அப்போதே பார்த்தவர்கள் எழுதியவை. இன்னோர் ஓவியரின் மனைவியான ஹெலெனே ஃபான் க்யூகல்கென் 1809 ஜூனில் எழுதிய கடிதமும், 1810 அக்டோபர் 13 அன்று ‘பெர்லினர் ஆபெண்ட்ப்ளெட்டர்’ இதழில் ஜெர்மானிய எழுத்தாளர் ஹைன்ரிஷ் ஃபான் க்ளைஸ்ட் வெளியிட்ட கட்டுரையும் முக்கியம்.
- ஆய்வுக்கூடச் செய்தி. அகச்சிவப்புப் படத்தில் (வண்ணத்துக்கு அடியில் இருக்கும் கோடுகளைக் காட்டும் படம்) தெரிந்தவை, சீரமைப்பில் தெரிந்தவை.
- ஜோடிப் படம். இது தனியாகக் காட்டப்படவில்லை. 1810 இலையுதிர்காலத்தில் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் ‘ஓக் காட்டில் மடாலயம்’ என்ற படத்தோடு சேர்த்து வைத்திருந்தார். அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டையும் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் வாங்கினார்.

செலவைப் பொறுத்தவரை, வெளிநாட்டுக் கலைப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் விலை வைத்திருக்கின்றன. தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம். பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் பல ஸ்கேன் புத்தகங்களை மணிக்கணக்கில் இரவல் வாங்கிப் படிக்கலாம். ஜெர்மன் தெரியாவிட்டால் கடிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. கூடுமானவரை இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுங்கள். ஒரே ஒரு பெயரடையை நம்பி ஒரு பத்தி கட்டிவிடக் கூடாது.

5. ஒவ்வொரு ஆவணத்துக்கும் தேதி எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓவியரின் பணிக்கூடத்தில் இருந்தது. அதற்குள் மாறிக்கொண்டே இருந்தது, குறிப்பாக வானம். ஆக, 1809-ல் ஒருவர் பார்த்த படமும் 1810-ல் தொங்கவிட்ட படமும் ஒன்றல்ல.

ஹெலெனேயின் கடிதத்தைப் பாருங்கள். நிலவில்லை, புயலில்லை என்று குறைப்படுகிறார். புயல் இருந்தாலாவது ஆறுதலாக இருக்கும், எங்காவது ஓர் அசைவைப் பார்க்கலாமே என்கிறார். கடலில் படகில்லை, கப்பலில்லை, ஒரு கடல் பூதம்கூட இல்லை. மணலில் ஒரு புல்கூட இல்லை. பறக்கும் சில கடற்காகங்கள் தனிமையை இன்னும் கொடுமையாக்குகின்றன. படத்தைப் பிடிக்காத ஒருவர் எழுதியது இது. ஆனால் படத்தில் என்னென்ன இல்லை என்று இவ்வளவு துல்லியமாக யாரும் பட்டியல் போட்டதில்லை. பிடிக்காதவர்களின் சாட்சியத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

இப்போது ஃப்ரீட்ரிக்கின் வார்த்தைக்கு வாருங்கள். முன்னால் வெறிச்சோடிய மணற்கரை, பிறகு கொந்தளிக்கும் கடல், அப்புறம் காற்று வெளி. கரையில் கரிய அங்கியணிந்த ஒரு மனிதன் ஆழ்ந்த சிந்தனையில் நடக்கிறான். கடற்காகங்கள் அஞ்சிக் கத்தியபடி அவனைச் சுற்றிப் பறக்கின்றன, கொந்தளிக்கும் கடலில் இறங்கிவிடாதே என்று எச்சரிப்பதுபோல. காலை முதல் நள்ளிரவு வரை சிந்தித்தாலும் மறுமையின் ஆழத்தை நீ கண்டுவிட முடியாது என்ற கருத்தும் தொடர்ந்து வருகிறது.

ஹெலெனேவுக்கு உயிரோட்டமில்லாத வெளி. ஓவியருக்குக் கொந்தளிக்கும் கடல். அவருக்குப் பறவைகள் வெறுமையைக் கூட்டுகின்றன. இவருக்கு அவை எச்சரிக்கின்றன. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். இரண்டாவது கட்டத்தில் நுரையா பறவையா என்று கண் தடுமாறியதைக் குறித்து வைத்தீர்களே, அதை இங்கே கொண்டுவாருங்கள். ஓவியம் இரண்டு அனுபவங்களுக்கும் இடம் விட்டிருக்கிறது என்று கண்ணால் கண்ட ஆதாரத்தோடு எழுதலாம்.

ஆய்வுக்கூடம் தருவது இதற்கும் மேல். அகச்சிவப்பில் பார்த்தபோது அடிவரைவில் (வண்ணம் பூசும் முன் போட்ட கோட்டு வரைவில்) பாய்மரக் கப்பல்கள் தெரிந்தன. முடிந்த படத்தில் அவை இல்லை. ஹெலெனே 1809 ஜூனிலேயே கப்பலில்லை என்கிறார். ஆகவே கப்பல்களைக் கைவிடும் முடிவு அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. கடைசி நேரத்து மனமாற்றம் என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டு ஆவணங்களைத் தேதியோடு பக்கத்தில் வைத்ததால் கிடைத்த முடிவு இது. இப்படி ஒன்று கிடைத்துவிட்டால் உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. குறியீட்டை அகராதிபோல் புரட்டாதீர்கள்

கப்பல் என்றால் வாழ்க்கைப் பயணம், நங்கூரம் என்றால் நம்பிக்கை, பட்டுப்போன ஓக் என்றால் மரணம் என்று ஃப்ரீட்ரிக்குக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அது முழுக்கக் கற்பனையும் இல்லை. ‘டெட்ஷன் பீடம்’ என்று அறியப்படும் 1808-ஆம் ஆண்டு ஓவியத்துக்கு அவரே விளக்கம் தந்திருக்கிறார்: பாறை மேல் அசையாமல் நிற்கும் சிலுவை கிறிஸ்துவின் மீதான விசுவாசம்போல உறுதியானது, சுற்றி நிற்கும் பசுமை மாறா மரங்கள் அவர் மீது மனிதர் வைத்த நம்பிக்கைபோல. அப்படி ஓவியரே சொன்ன இடத்தில் தயங்காமல் எழுதுங்கள்.

அந்தத் திறவுகோலை எல்லாப் பூட்டிலும் நுழைத்துப் பார்ப்பதில்தான் ஆபத்து. 1973-ல் அவருடைய ஓவியங்களின் முழு அட்டவணையைத் தொகுத்த ஹெல்முட் பெர்ஷ்-ஜூபான் ஏறக்குறைய ஒவ்வொரு பொருளுக்கும் கிறிஸ்தவப் பொருள் சொன்னார். பின்வந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் முழுவதையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. விவாதம் உண்டு என்பது தெரிந்தால் போதும். என் தேர்வு இது: கடலோரத் துறவியில் பட்டியலில் உள்ள பொருள் எதுவுமே கிட்டத்தட்ட இல்லை. கப்பலைக்கூட வரைவிலேயே விட்டுவிட்டார். சிலுவை இல்லை, மரம் இல்லை, நங்கூரம் இல்லை. பழக்கமான குறியீடுகளை எடுத்துவிட்டு மனிதனையும் எல்லையின்மையையும் மட்டும் நேருக்கு நேர் நிறுத்தியதுதான் இந்தப் படத்தின் துணிச்சல். இங்கே எதை வைத்தார் என்று கேட்பதைவிட எதை எடுத்தார் என்று கேளுங்கள்.

இன்னும் மூன்று பொறிகள்:

தலைப்பு. ‘துறவி’ என்ற சொல்லை நம்பி மடாலய வாழ்க்கை பற்றி ஒரு பக்கம் எழுதிவிடாதீர்கள். அந்தக் கடிதத்தில் ஓவியர் சொல்வது கரிய அங்கியணிந்த மனிதன் என்றுதான். க்ளைஸ்ட் அவனைக் கப்புச்சின் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவி என்கிறார். கப்புச்சின் அங்கியோ பழுப்பு நிறம். ஃப்ரீட்ரிக் புராட்டஸ்டன்ட் என்பதும் நினைவிருக்கட்டும்.

வாழ்க்கை வரலாறு. சிறுவனாக இருந்தபோது 1787-ல் தம்பி நீரில் மூழ்கி இறந்ததும், படத்தை வரைந்துகொண்டிருந்த காலத்தில் சகோதரியும் தந்தையும் அடுத்தடுத்து இறந்ததும் உண்மை. துக்கம் படத்துக்குள் வந்திருக்கலாம். ஆனால் ‘வந்தது’ என்று எழுத உங்களிடம் ஆவணம் வேண்டும். ஒரு வரியில் சூழலாகச் சொல்லி நிறுத்துங்கள்.

நம்முடைய மரபு. கடற்கரையில் தனியாக ஓர் உருவம் என்றதும் நமக்கு நெய்தலும் இரங்கலும் தானாக வந்து நிற்கும். ஒப்பிடுவது தவறில்லை, ஆனால் வேறுபாட்டையும் எழுதுங்கள். நெய்தலில் வர வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், காத்திருப்பு இருக்கிறது, ஆறுதல் சொல்லத் தோழி இருக்கிறாள். இங்கே யாரும் வரப்போவதாக ஓர் அடையாளமும் இல்லை.

7. உணர்ச்சிக்கு யார் சாட்சி என்று சொல்லுங்கள்

‘இந்த ஓவியம் பயத்தை ஏற்படுத்துகிறது’ என்ற வாக்கியத்தில் யாருக்கு என்பது இல்லை. உங்களுக்கா, 1810-ல் பார்த்தவருக்கா, படத்துக்குள் இருக்கும் மனிதனுக்கா? மூன்றையும் பிரியுங்கள். படத்துக்குள் இருப்பவனின் முகம் தெரியாது. அவன் அஞ்சுகிறானா, வழிபடுகிறானா என்று சொல்லவே முடியாது. நம் உணர்ச்சியை அவன்மேல் ஏற்றுகிறோம், ஏற்றும்படிதான் முதுகைக் காட்டி நிறுத்தியிருக்கிறார்.

அந்தக் காலத்துச் சாட்சியம் வேண்டுமென்றால் க்ளைஸ்ட். சட்டகத்தைத் தவிர வேறு முன்புலமே இல்லாததால், பார்க்கும்போது கண்ணிமைகளை அறுத்துவிட்டதுபோல இருக்கிறது என்று எழுதினார். மூன்றாம் கட்டத்தில் நீங்கள் விரலை வைத்துப் பார்த்துக் கண்டதைத்தான் அவர் ஒரே வரியில் சொல்கிறார்: கண்ணை மூட முடியாது, ஒதுங்கவும் முடியாது. ஒரு எச்சரிக்கை: அந்தக் கட்டுரையின் மூலத்தை எழுதியவர்கள் ப்ரென்டானோ, ஆர்னிம் என்ற இரு ஜெர்மானிய எழுத்தாளர்கள், இதழாசிரியரான க்ளைஸ்ட் அதைப் பெருமளவு மாற்றி வெளியிட்டார், ப்ரென்டானோ வருத்தப்பட்டார். மேற்கோள் காட்டும்போது இந்த இமை வரியைக் க்ளைஸ்டின் பெயரில் போடுங்கள்.

8. எழுதும்போது மூன்று நெடுவரிசை முறை

ஒரு தாளில் மூன்று நெடுவரிசை வரும்படி கோடு போடுங்கள்: கண்டது, ஆவணம் சொல்வது, என் ஊகம். குறிப்பு ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றில் விழ வேண்டும். பிறகு வாக்கியங்களை இந்த உறுதிக்கு ஏற்ப முடியுங்கள். கண்டதற்கு ‘இருக்கிறது’, ஆவணத்துக்கு ‘இன்னார் எழுதுகிறார்’, ஊகத்துக்கு ‘எனத் தோன்றுகிறது’.

மாதிரிக்கு ஒன்று: “அடிவானம் தாழ்ந்திருக்கிறது, நெட்டாக நிற்பது மனிதன் மட்டுமே. அடிவரைவில் இருந்த கப்பல்களை ஃப்ரீட்ரிக் இறுதிப் படத்தில் வரையவில்லை. 1809-ல் பார்த்த ஹெலெனே அந்த வெறுமையைக் குறிப்பிட்டே வருந்துகிறார். மறுகரைக்குப் போக ஒரு வழியை மனிதனுக்குத் தராமல் இருக்கவே கப்பல்களை விலக்கினார் எனத் தோன்றுகிறது.” கடைசி வாக்கியம் என் ஊகம். உங்கள் ஊகம் வேறாக இருக்கலாம், அதற்கு முந்தைய மூன்று வாக்கியங்களும் மாறாது.

நேரக் கணக்கு: பார்க்க ஒரு நாள், ஆவணத்துக்கு இரண்டு மூன்று மாலை, எழுத இரண்டு நாள். நடுவில் ஒரு நாள் படத்தைத் தொடாமல் விடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது உங்கள் முதல் பட்டியலில் ஏதாவது ஒன்று பொய்யாகத் தெரியும், அதை அடியுங்கள். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

9. நேரில் போவதாக இருந்தால்

ஆல்டே நேஷனல்கேலரிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பதினெட்டு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. மற்றவர்கள் அன்றைய கட்டணத்தை அருங்காட்சியகத் தளத்தில் பார்த்து, நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், படம் அப்போது ஊரில் இருக்கிறதா என்று தளத்தில் பார்ப்பது. 2024-ல் ஓவியர் பிறந்து 250 ஆண்டு நிறைந்ததை ஒட்டி அவருடைய படங்கள் பல ஊர்களுக்குப் போய் வந்தன. அதுபோல் மறுபடியும் இரவல் போகலாம்.

கூட்டம் குறைந்த காலை நேரத்தில் போய், முதலில் கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே நின்று பாருங்கள், பிறகு அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் மனிதன் மறைந்து வானம் மட்டும் மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரதியில் கிடைக்காத ஒரே தகவல் அது. அப்புறம் ‘ஓக் காட்டில் மடாலய’த்துக்குப் போய், இடிந்த வாயிலுக்குள் சவப்பெட்டி சுமந்து செல்லும் துறவிகளைத் தேடுங்கள். கரையில் நின்ற மனிதனின் இறுதி ஊர்வலம்தான் அது என்று வாசிப்பவர்கள் உண்டு. அதை உங்கள் தாளில் எந்த நெடுவரிசையில் எழுதுவீர்கள் என்பதை அங்கேயே நின்று முடிவுசெய்யுங்கள்.